ஆளுக்கொரு மாசம்

துப்பாக்கிப் பெட்டியின் மூடியைத் தூக்கியதுமே அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அதற்கு மேல் டெல்லா பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

"எப்போ சுட்ட?" என்றாள்.

"சனிக்கிழம," என்றான் ராய்ஸ்.

"எந்தச் சனிக்கிழம?"

ராய்ஸ் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தீவனக் கடையின் தகரக் கூரையைப் பார்த்தான். அந்தப் பார்வையோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் டெல்லா. விவாகரத்து ஆகி நாலு வருஷம் ஆகியும் அந்தப் பார்வை மாறவில்லை. கூரையைப் பார்த்தான் என்றால் விஷயம் ரெண்டு வாரமாவது பழையது.

"நடுவுல ஒரு வாரம் வேலை ஜாஸ்தி," என்றான். "தண்டவாளம் வெயில்ல நெளிஞ்சு போச்சு. ராவும் பகலும் அங்கதான் கெடந்தோம்."

"சுடப் போக நேரம் இருந்துச்சு. கழுவ நேரம் இல்ல."

"அது வேற நாளு."

கருமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது ஒரே ஒரு வரிதான். சுட்ட அன்றைக்கே, சாப்பாட்டில் கை வைக்கும் முன், சோப்பும் சுடுதண்ணியும் விட்டுக் குழலைக் கழுவு. இந்தக் காலத்து மருந்துக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனால் கருமருந்து வேறு சாதி. வெடித்தபின் பாதிக்கு மேல் கரியாகக் குழலுக்குள்ளேயே தங்கி, அழுகின முட்டை போல நாறும். அந்தக் கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

டெல்லா துப்பாக்கியைத் தூக்கினாள். பன்னிரண்டு பவுண்டு. அடியில் இருந்த நெம்புகோலை இறக்கினாள். அடைப்புக்கட்டை கீழே இறங்கி, குழலின் பின்வாய் திறந்தது. ஒரு தோட்டா மட்டும் போகிற வாய். ஒன்று போட்டு, ஒன்று சுட்டு, வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். அந்த வாயில் கண்ணை வைத்து, மறுமுனையை வானத்துக்குக் காட்டினாள். பாதித் தூரத்தில் மிளகு அளவுக்கு ஒரு செம்புள்ளி.

"துரு."

"இருக்காது. எண்ணெ போட்டிருக்கேன்ல?"

"என்ன எண்ணெ?"

"வண்டியில இருந்த எண்ணெதான்."

"இன்ஜின் ஆயிலா?"

"நல்ல ஆயிலு புள்ள. போன வாரந்தான் வாங்குனது."

டெல்லா கண்ணை மூடித் திறந்தாள். கரியின் மேல் இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரெண்டும் சேர்ந்து தாராகிவிடும். ரோட்டில் ஊற்றுகிற அதே தார். தண்ணீருக்கும் மசியாது, சோப்புக்கும் மசியாது. இதை அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்று எண்ணினால் சுரங்கத்தில் அவள் ஓட்டுகிற லாரியின் நடைக்கணக்கைத் தாண்டிவிடும். பிடிவாதத்தால் செய்கிறான் என்றால்கூடச் சண்டை போடலாம். அவன் உபகாரமாகச் செய்கிறான். அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தத் துப்பாக்கியை அவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்லிவைத்தார்கள். செய்துகொடுப்பவர்கள் ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறவர்கள். சொல்லிவைத்துவிட்டு நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். குழல் எத்தனை அங்குலம், கட்டை என்ன மரம் என்று சாப்பாட்டு மேசையில் ரெண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு எழுதிய தாளில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். துப்பாக்கி வருவதற்குள் கல்யாணம் போய்விட்டது. நீதிபதி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார். வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, நாய் அவனுக்கு, உறைபெட்டியில் இருந்த கடம்பை மான் இறைச்சி ஆளுக்குப் பாதி. பிறக்காத பிள்ளையை எந்த நீதிபதி பங்கு போடுவார்? எட்டு மாதம் கழித்து ரெண்டு பேர் பெயரும் போட்ட பெட்டி வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஆளுக்கொரு மாசம். ஒண்ணாம் தேதி தீவனக் கடைக்குப் பின்னால் கைமாறும்.

"ராய்ஸ், இது போதும்," என்றாள். "இன்னைக்கோட இந்த மாசக் கூத்து முடிஞ்சுது. ஒருத்தர்தான் வச்சுக்கணும்."

"நானும் அதத்தான் நெனச்சேன். எனக்கே குடுத்துரு."

"உனக்குக் குடுத்தா ரெண்டு வருஷத்துல தண்ணிக் குழாய்க்குத்தான் ஆகும்."

"அப்போ சுட்டுப் பாத்துருவோம். இந்த மாசக் கடைசி ஞாயிறு பெர்னீஸ் அக்கா போட்டி வைக்குது. நீயும் சுடு, நானும் சுடுறேன். இரும்பு உருவத்த ஜாஸ்தி தள்ளுனவருக்குத் துப்பாக்கி."

சரி என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வாய் முந்திவிட்டது. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. தோற்றால், அந்தச் செம்புள்ளியோடு துப்பாக்கி ஒரேயடியாக அவன் கையில். அதைப் பார்க்கக்கூட அவளுக்கு உரிமை இருக்காது.

அந்தச் செம்புள்ளியை எடுக்க அவளுக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. பன்னிரண்டு மணி நேரம் நிலக்கரி லாரி ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, துணியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். புள்ளி போனது. நகத்தால் தொட்டால் தெரியாத, கண்ணால் பார்த்தால் தெரிகிற ஒரு நிழல் மட்டும் தங்கிவிட்டது.

*

பெர்னீஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். இப்போது சங்கத்தின் சுடுதளத்தை ஓட்டுகிறாள். ரெண்டுக்கும் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போட்டி அன்று விஷயத்தைக் கேட்டதும் ஒரு மதிப்பெண் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினாள். 'கூடத் தள்ளுகிறவருக்குத் துப்பாக்கி. தோற்றவர் அதன்பின் வாயைத் திறக்கக் கூடாது.'

"கையெழுத்துப் போடுங்க," என்றாள். "ரெண்டாவது வரிக்குத் தனியாப் போடுங்க."

"எனக்குக் காத்துப் பாத்துச் சொல்ல யாரு?" என்று கேட்டாள் டெல்லா.

"எல்லாரும் ஜோடி சேந்தாச்சு. இவன்தான் மிச்சம்."

"இவனா?"

"இவளா?" என்றான் ராய்ஸ்.

"இங்க வழக்கம் என்ன? உனக்கு யாரு பாத்துச் சொல்றாங்களோ அவங்களுக்கு நீ பாத்துச் சொல்லணும். ஒரு துப்பாக்கி, ரெண்டு பேரு. நீ சுடுறப்போ அவன் பாக்கட்டும். அவன் சுடுறப்போ நீ பாரு. நாப்பது வருஷமா நடக்குது. பொய் சொன்னவங்கன்னு இது வரைக்கும் யாரையும் நான் எழுதுனதில்ல."

அந்த வேலை சும்மா வேலை இல்லை. கருமருந்து வெடித்ததும் முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை ஒரு மூட்டை பஞ்சு போல எழும்பி நிற்கும். குண்டு எங்கே போனதென்று சுட்டவருக்கே தெரியாது. பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வாயில் வந்ததுதான் உண்மை.

சுட வேண்டியது நாற்பது இரும்பு உருவம், ஐந்து ஐந்தாக, நேரக் கணக்கோடு; நேரம் முடிந்தால் ஊதல். கோழி பத்து, பன்றி பத்து, வான்கோழி பத்து, ஆட்டுக்கடா பத்து. கோழியை நின்றுகொண்டு, எதிலும் சாயாமல் சுட வேண்டும். மற்றதை உட்கார்ந்தோ படுத்தோ, கவைக்குச்சியில் குழலைத் தாங்கிக்கொண்டு சுடலாம். கடா நிற்பது ஐநூறு மீட்டரில், புல் காய்ந்த மேட்டின் நெற்றியில். பட்டால் மட்டும் போதாது. விழ வேண்டும்.

ராய்ஸ் தன் தோட்டாக்களை ஒரு முட்டை அட்டையில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தான். அதில் நிஜமாகவே ரெண்டு முட்டையும் இருந்தது.

"சாப்பிடுறியா? வேக வச்சதுதான்," என்றான்.

"ஈயம் ஒட்டியிருக்கும்யா அதுல."

"தோலை உரிச்சுட்டுத்தானே திங்கப் போறோம்."

டெல்லாவின் தோட்டாக்கள் மரப்பெட்டியில் குழி குழியாக நின்றன. ஒவ்வொரு ஈயக் குண்டையும் வார்த்து, எடை போட்டு, ஒரு அரிசி எடை கூடினதையும் குறைந்ததையும் மறுபடி உருக்கியவள் அவள். மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்து குண்டின் பள்ளத்தில் தடவியதுகூட அவள் கைதான். ராய்ஸ் குண்டை எடை போட மாட்டான். கையில் குலுக்கிப் பார்ப்பான்.

கோழியில் அவன் ஆறு தள்ளினான். அதுதான் கொடுமை. நின்று சுடுவதில் அவனுக்கு ஒரு கை உண்டு. பன்னிரண்டு பவுண்டை ஒரு கட்டுச் சோறு போலத் தூக்கிப் பிடித்து, யோசிக்காமல் விசையைத் தட்டுவான். டெல்லா யோசித்தாள். யோசித்து யோசித்துக் கை களைத்து மூன்றுதான் தள்ளினாள். பன்றியில் அவள் எட்டு, அவன் ஐந்து. வான்கோழியில் அவள் ஐந்து, அவன் நாலு. கடாவுக்கு வரும்போது அவளுக்குப் பதினாறு, அவனுக்குப் பதினைந்து.

ஒவ்வொரு சுற்றிலும் சண்டைதான். ரெண்டு வெடிக்கு நடுவே குழலின் பின்வாயில் ஊதுகுழலைச் செருகி, நெஞ்சிலிருந்து நாலைந்து மூச்சு நீளமாக ஊத வேண்டும். மூச்சின் ஈரத்தில் உள்ளே இருக்கிற கரி இளகும். இளகாவிட்டால் குண்டு தறிகெட்டுப் போகும். ராய்ஸ் ரெண்டு ஊது ஊதிவிட்டு நிறுத்துவான்.

"அஞ்சு ஊது."

"போதும்."

"வெயில் இப்பிடி அடிக்குது. கரி காஞ்சு ஓடாயிருக்கும். அஞ்சு ஊது."

"நீ பாத்துச் சொல்றவளா, சுடுறவளா?"

"ஊதுய்யா."

பக்கத்துத் தடத்தில் படுத்திருந்த மாட்டுப் பண்ணைக்காரர் ஓட்டிஸ் தலையைத் தூக்காமலே சொன்னார். "புருஷன் பெண்டாட்டியா இருந்தப்போ இவ்வளவு பேசிக்கல இவங்க."

*

கடாவுக்கு முதலில் ராய்ஸ் படுத்தான். முதல் ஐந்தில் மூன்று விழுந்தது. டெல்லா சொன்னபடி, கண்ணருகே நிற்கிற கோடு போட்ட பின்குறித் தகட்டின் திருகைத் திருப்பினான், விழுந்தது. வாயை மூடிக்கொண்டு சொன்னதைக் கேட்டால் இந்த ஆள் சுடுவான் என்று அவளுக்கே பட்டது.

ரெண்டாவது ஐந்து தொடங்கும்போது காற்று திரும்பியது. கொடி இன்னும் பழைய பக்கமே சோம்பலாகத் தொங்கியது. ஆனால் தொலைநோக்கியில் கானல் தெரிந்தது. அடுப்பின் மேல் அசைகிற காற்று போல, இதுவரை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது நின்று, வலமிருந்து இடமாக ஊர்ந்தது. படுத்திருக்கிறவனுக்கு அது தெரியாது. அவள் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் ஒன்றும் குற்றமில்லை. 'கவனிக்கல' என்றால் முடிந்தது.

செம்புள்ளியை நினைத்தாள். பிறகு, தன் மேலேயே எரிச்சலோடு சொன்னாள்.

"காத்து திரும்பிருச்சு. ரெண்டு கோடு வலது பக்கம் வை."

ராய்ஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "கொடி அப்பிடியே இருக்கு."

"கொடியப் பாக்காத. கானலப் பாத்துச் சொல்றேன்."

"துப்பாக்கி வேணும்கிறது உனக்கு. வலது வைக்கச் சொல்றதும் நீ."

"யோவ், வை."

அவன் வைக்கவில்லை. சுட்டான். புகை எழும்பியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினாள். இரும்புச் சத்தம் வரவில்லை. கடாவின் இடது பக்கம் மண் தெறித்தது.

"இடது. ரெண்டு கோடு," என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

அவன் நம்பவில்லை. அடுத்ததையும் அப்படியே சுட்டான். அதுவும் இடது. அப்புறம்தான் திருகைத் தொட்டான். அடுத்த ரெண்டு கடாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. கடைசிக் கடாவின் காலில் குண்டு பட்டு மணி அடித்தது போலக் கேட்டது. கடா ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றுகொண்டது.

"பட்டுச்சு," என்றான்.

"விழல," என்றாள் பின்னால் நின்ற பெர்னீஸ். கையிலிருந்த தாளில் ஒரு சுழி போட்டாள். "கடாவுல அஞ்சு. மொத்தம் இருபது."

ராய்ஸ் எழுந்து உட்கார்ந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். "சொன்னது நெசந்தானா?" என்று கேட்டான். கேள்வி மாதிரியும் இல்லை.

"உனக்குப் பொய் சொல்றதுக்குக்கூட எனக்கு நேரம் இல்ல."

*

டெல்லாவுக்கு ஐந்து கடா வேண்டும். பத்தில் ஐந்து. போன வருஷம் அவள் ஏழு தள்ளியிருக்கிறாள். வாளியில் இருந்த தண்ணீரை மொண்டு குடித்து, முகத்தில் அடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ராய்ஸ் குழலை ஈரத்துணியால் ரெண்டு முறை துடைத்து, கவைக்குச்சியை அவள் உயரத்துக்கு இறக்கி, துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருந்தான். அவள் பாயைக்கூட விரித்துவிட்டிருந்தான்.

"எல்லாம் ரெடி. படு," என்றான்.

படுத்தாள். ஊதினாள், ஐந்து. தோட்டாவைப் போட்டு நெம்புகோலை மேலே இழுத்தாள். முதல் கடாவின் நெஞ்சில் குறியை நிறுத்தி விசையைத் தொட்டாள்.

புகை. ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தம் இல்லை.

"மேல," என்றான் ராய்ஸ். "முதுகுக்கு ரெண்டு முழம் மேல."

ரெண்டு முழமா? அவள் கணக்கு ஒரு நாளும் ரெண்டு முழம் தப்பியதில்லை. அரை முழம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பொய் சொல்வதிலும் இவனுக்கு ஒரு அளவு இல்லை என்று நினைத்தாள். விசையைத்தான் தட்டிவிட்டிருப்போம் என்று எதையும் தொடாமல் ரெண்டாவதைச் சுட்டாள்.

"மேல. அதே எடம்."

"கானல் என்ன சொல்லுது?"

"கானல் சும்மா கெடக்குது. மேல போகுது புள்ள. எறக்கு."

"எறக்க மாட்டேன்."

மூன்றாவது. சத்தம் இல்லை.

"மேல, மேல, மேல," என்றான் ராய்ஸ். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். அவன் குரலில் இருந்தது சிரிப்பு இல்லை. அழுதுவிடுகிற குரல். "உனக்குக் காது கேக்குதா இல்லையா? நான் என்ன சாமி மேலயா சத்தியம் பண்ணணும்?"

அப்போதுதான் அவள் பின்குறியைப் பார்த்தாள். தகட்டில் கோடு நூற்று ஐம்பத்தேழில் நின்றது. அவள் எண் நூற்று நாற்பத்தொன்பது. அவன் தோட்டா கனம், மெதுவாகப் போகும். அதற்குக் குறியை உயர்த்த வேண்டும். நூற்று ஐம்பத்தேழு அவன் எண்.

"நீ இதத் தொட்டியா?"

"உனக்காக வச்சேன். தொடைக்கிறப்போ தகடு சாஞ்சுருச்சு. நிமித்தி, கடாவுக்கு வச்சு…" அவன் நிறுத்தினான். வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. "என் நம்பர்ல வச்சுட்டேன்."

"ஏன்யா தொட்ட?"

"கைப்பழக்கம்."

"ஏன் தொட்ட?"

"உதவிக்குத்தான்."

டெல்லா நெற்றியைப் பாயில் வைத்துக்கொண்டாள். பாய் தார் நாற்றம் அடித்தது. பின்னாலிருந்து பெர்னீஸின் செருப்புச் சத்தம் வந்தது.

"அக்கா, இவன் என் குறிய மாத்திட்டான்."

"சுட்டது யாரு?"

"நான்."

"சுடும் முன்ன குறியப் பாக்க வேண்டியது யாரு?"

டெல்லா பாயிலிருந்து நெற்றியைத் தூக்கினாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றாள் பெர்னீஸ். "ரெண்டு கடா இருக்கு."

திருகைத் திருப்பி நூற்று நாற்பத்தொன்பதில் நிறுத்தினாள். நாலாவது கடா விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது. இன்னும் மூன்று வேண்டும். ஐந்தே கடாதான் பாக்கி.

மறு ஐந்தில் முதல் கடா சுத்தமாகச் சாய்ந்தது. ரெண்டாவதில் விசையை இழுக்கும்போதே தோள் துள்ளியது. அது யார் மேலும் போட முடியாத தப்பு. மூன்றாவது விழுந்தது. நாலாவதில் இரும்புச் சத்தம் வந்தது. டெல்லா மூச்சை விட்டாள்.

"நிக்குது," என்றான் ராய்ஸ் மெதுவாக. "குளம்புல பட்டுருச்சு."

ஒரு கடா பாக்கி. இருபது இருபது.

அவள் ஊதினாள். தோட்டாவைப் போட்டாள். கன்னத்தைக் கட்டையில் வைத்தாள்.

"நில்லு," என்றான்.

"நேரம் என்ன?"

"அம்பது செகண்டு. நில்லு. கானல் கொதிக்குது."

முன்குறியில் கடா கருப்பாக, அசையாமல் நின்றது. அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இப்போது சுட்டால் என்ன? விசையில் விரல் இருந்தது. இவன் நிறுத்தி நிறுத்தியே நேரத்தைத் தீர்த்துவிட்டால்? பெர்னீஸ் ஊதலை வாயில் வைத்துவிட்டால் முடிந்தது.

"நில்லு."

"ராய்ஸ்."

"நில்லுன்னா நில்லு."

மூன்று முறை மேலே என்றான். மூன்று முறையும் மேலேதான். பதினோரு வருஷத்தில் கழிவுக் குழாயை அடைத்துவைப்பான், கணப்பை அணைக்காமல் போவான், பாலை வெளியில் வைத்துவிட்டுத் தூங்குவான். கேட்டால் கூரையைப் பார்ப்பான். ஆனால் குண்டு விழுந்த இடத்தை மாற்றிச் சொன்னதாக அவளுக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. இப்போது இவன் கூரையைப் பார்க்கவில்லை. தொலைநோக்கியில் கண்ணை அழுத்திக்கொண்டு படுத்திருந்தான், பக்கவாட்டில் தெரிந்தது. நாசமாய்ப் போக என்று காத்திருந்தாள்.

"இருபது செகண்டு," என்றாள் பெர்னீஸ்.

"நில்லு," என்றான். "நில்லு… ஒரு கோடு வலது. சுடு."

ஒரு கோடு வலது வைத்தாள். சுட்டாள். புகை. ஒண்ணு. ரெண்டு. மூணு.

இரும்புச் சத்தம் மேட்டிலிருந்து நிதானமாக நடந்து வந்தது. ராய்ஸ் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன?" என்றாள். "என்னன்னு சொல்லுய்யா."

"விழுந்துருச்சு," என்றான். எழுந்து உட்கார்ந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இந்த ஒண்ணுக்குத்தான் நான் சும்மா இருந்திருக்கலாம்."

*

தாளின் பின்பக்கத்தில் பெர்னீஸ் 'இருபத்தொன்று, இருபது' என்று எழுதினாள். ராய்ஸ் கையெழுத்துப் போட்டான். ரெண்டாவது வரியைக் காட்டி, "இது எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"இப்பருந்து," என்றாள் பெர்னீஸ்.

டெல்லா வண்டியின் பின்கதவை இறக்கி, சின்ன அடுப்பில் தண்ணீர் காய வைத்தாள். சோப்பைக் கரைத்துக் குழலில் ஊற்றினாள். முதலில் வந்த தண்ணீர் மைபோல வந்தது, அப்புறம் சாம்பல் நிறம், அப்புறம் தெளிவு. துணியை உள்ளே விட்டு விட்டு எடுத்தாள். பதினாறாவது துணி வெள்ளையாக வந்தது. குழலுக்குள் பார்த்தாள். அந்த நிழல் அதே இடத்தில் இருந்தது. இனி அது வளராது.

ராய்ஸ் வந்து அவள் வாளிக்குள் தன் நாற்பது பித்தளைக் கூடுகளையும் கலகலவென்று கொட்டினான்.

"தண்ணி சூடாத்தானே இருக்கு," என்றான்.

"ரெண்டாவது வரி."

"துப்பாக்கியப் பத்தித்தான பேசக் கூடாது? இது கூடு." பக்கத்தில் நின்று அவள் துடைப்பதைப் பார்த்தான். "மூணு கடா போச்சு உனக்கு என்னால."

"ஆமா."

"எனக்கு ரெண்டு போச்சு. உன்ன நம்பாம."

"ஆமா."

"அடுத்த மாசம் உனக்கு யாரு பாத்துச் சொல்லுவா?"

டெல்லா பெர்னீஸின் குடிதண்ணீர் வாளியை அலசித் திருப்பிக் கொடுக்கப் போனாள். அங்கே ஓட்டிஸ் பிடித்துக்கொண்டு ஒரு கிண்ணம் பீன்ஸ் சாறு குடிக்கச் சொன்னார். திரும்பி வரும்போது ராய்ஸ் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியை இருக்கைக்குப் பின்னால் ஏற்றி, வார்கூடப் போட்டுக் கட்டியிருந்தான். அவன் வண்டி வாயிலைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. பின்னால் நாய் நின்று அவளைப் பார்த்துக் குரைத்தது.

வீட்டுக்குள் வந்து பெட்டியை மேசையில் வைத்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. இந்த மேசையில்தான் அந்தத் தாளை எழுதினார்கள். இனி ஒண்ணாம் தேதி என்று ஒன்று கிடையாது என்று நினைத்துக்கொண்டே மூடியைத் தூக்கினாள்.

முட்டை நாற்றம் இல்லை.

டெல்லா விரலைக் குழலின் வாயில் விட்டு எடுத்தாள். முகர்ந்தாள். துப்பாக்கியைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். முழுநீளமும் வழவழவென்று மின்னியது. பின்வாயிலிருந்து ஒரு பொட்டு வழிந்து, மேசை விரிப்பில் தேன் நிறத்தில் பரவியது.

போனை எடுத்தாள். ரெண்டாவது மணியில் எடுத்தான்.

"யோவ்."

"சொல்லு."

"பெட்டியில வைக்கும்போது என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. தொடச்சு வச்சேன்."

"எதப் போட்டு?"

அவன் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கிறான் என்பது இங்கே அவளுக்குத் தெரிந்தது.

"திரும்பத் துரு வந்துரக் கூடாதுன்னுதான்," என்றான் கடைசியில். "நல்ல ஆயிலு."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். எண்ணெயை ஒரு துளி விடாமல் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை சுடும்போது முதல் தோட்டாவிலேயே தார்.

"டெல்லா? இருக்கியா?"

"இருக்கேன்."

"அடுத்த மாசம் பாத்துச் சொல்ல வரவா, வேணாமா?"

"வா," என்றாள். "கைய பேன்ட் பைக்குள்ள விட்டுக்கிட்டு வா."

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி ஏற்றினாள். அவன் கூடு நாற்பதும் வண்டியில் அவள் வாளியிலேயே கிடந்தது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.